சின்ன அறைக்கு ஒரு குழாய்

அத்தியாயம் 17

ஊர்ப் பொதுக்கட்டடத்தில் பெண்கள் படுக்கும் அறையின் தரை அன்றைக்கும் தோசைக்கல்லாகக் காய்ந்தது. ஹெரான் விடிவதற்கு முன்பே எழுந்து உட்கார்ந்துவிட்டாள். முதுகுப் பக்கம் சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் படுத்திருந்த ஊர்ப் பெண்கள் இடுப்பைத் தரையோடு தரையாக அழுத்திக்கொண்டு சுகமாகக் குறட்டை விட்டார்கள்.

அவள் படுக்கையைச் சுருட்டி வைத்துவிட்டு வெளியே வந்து, குளிர்காற்றில் சற்று நேரம் சும்மா நின்றாள். இந்த ஒரு வாரமாக அவளுக்குக் கிடைத்த ஒரே நல்ல நேரம் அதுதான்.

முற்றத்தில் ஓரிடத்தில் மட்டும் பனி உருகியதும், தெருப்பூனை அங்கே குடியேறியதும், "நம்ம மனை ராசியான மனை" என்று அவள் கணவன் மான்சிக் ஊரெல்லாம் சொல்லித் திரிந்ததும் முன்பே சொன்ன கதை. ராசி ஒன்றும் இல்லை. வீட்டுத் தரைக்கு அடியில் ஓடும் வெந்நீர்க் குழாய் ஓட்டையாகி, பாய்லர் இத்தனை நாளும் மண்ணைச் சூடாக்கிக்கொண்டிருந்தது. விஷயம் தெரிந்ததும் தரை முழுவதையும் உடைத்தார்கள். இப்போது வீடு என்பது நாலு சுவரும் மணலும்தான்.

இன்று மாலைக்குள் புதுக் குழாய் கட்டியாக வேண்டும். நாளைக் காலை கலவை லாரி வருகிறது. சிமெண்டைக் கொட்டி மூடிவிட்டால் பிறகு யார் கையெடுத்துக் கும்பிட்டாலும் ஒரு குழாயைக்கூட நகர்த்த முடியாது.

ஐம்பத்தெட்டு வயது ஹெரானுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. வாசலை ஒட்டி ஒரு சின்ன அறை இருந்தது. ஆப்பிள் பெட்டியும் கிம்ச்சி ஜாடியும் போட்டு வைக்கிற அறை. அந்த அறைக்குக் குழாய் என்று ஒன்று போட்டதே கிடையாது. அதற்கு ஒரு குழாய் வேண்டும். சுவரில் அதற்கென்று தனியாக ஒரு ரெகுலேட்டர் வேண்டும். அதை அவள் மட்டும்தான் திருப்ப வேண்டும்.

திருப்பி என்ன செய்வாள் என்று கேட்டால் சிரிப்பு வரும். குறைப்பாள்.

மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்த ஒன்பது வருஷமும் ஹெரான் பெரிய அறையில் அவளுக்குப் பக்கத்திலேயே படுத்தாள். வீட்டுக்கு ஒரே ரெகுலேட்டர். அது மாமியாரின் தலைமாட்டில் இருந்தது. கிழவிக்குத் தரை கொதிக்க வேண்டும். ஹெரானுக்கோ மாதவிலக்கு நிற்கிற வயது. உள்ளே ஒரு நெருப்பு, கீழே ஒரு நெருப்பு. கிழவி தூங்கிவிட்டாள் என்று நம்பி ஒரு கோடு குறைத்தால் போதும், விரிப்புக்கு அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, "யாரு கொறைச்சது?" என்று குரல் வந்துவிடும். கண் தெரியாமல் போன பிறகும் அந்தக் கை ஏமாறவில்லை.

"ராத்திரிக்கு மட்டும் ஒரு ஆள் வெச்சுக்கலாமா?" என்று ஹெரான் மான்சிக்கைக் கேட்டிருக்கிறாள், ஒருமுறை அல்ல. "பாத்துக்கலாம்" என்பான். அந்த ஒரு வார்த்தையிலேயே ஒன்பது வருஷமும் ஓடிப்போயிற்று. போன இலையுதிர் காலத்தில் கிழவியும் போய்ச் சேர்ந்தாள்.

சின்ன அறையைப் பற்றி ஹெரான் இன்னும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. கேட்டால் கிடைக்காது என்று பழகிப்போனவர்கள் கேட்பதற்கே சோம்பல்படுவார்கள். அவளும் அப்படித்தான் ஆகியிருந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்தபோது குழாய்க்காரர் பியோ மணலைச் சமப்படுத்தி, அதன்மேல் தெர்மோகோல் பலகைகளைப் பரப்பி, கம்பி வலையை விரித்து முடித்திருந்தார். கையில் சாக்பீஸ்.

"அக்கா, பீரோ எங்கெங்க நிக்கப்போகுது? அத மட்டும் கரெக்டா சொல்லிருங்க. பீரோவுக்கு அடியில பைப்பு போட மாட்டேன். சூடும் வீணு, மரமும் வெடிச்சுரும்."

"பெரிய ரூமுலயும் எதிர் ரூமுலயும் நிக்கப்போறது சின்னச் சாமான்தான், முதலாளி. ஓரமா ஒரு முழம் விட்டாப் போதும்."

"அப்ப சரி. அந்தச் சிப்பி பீரோதான் சின்ன ரூமுக்குப் போகுதே."

ஹெரான் சட்டென்று திரும்பிப் பார்த்தாள்.

"எந்த ரூமுக்கு?"

"வாசல் ரூமுக்கு. அண்ணன் நேத்தே போன்ல சொல்லிட்டாரே. அம்மாவோட பீரோ அங்க சுவத்துக்குச் சுவரு அடைச்சுக்கும், அதனால அந்த ரூமுக்கு பைப்பே வேண்டாம்னாரு. நானும் அந்த அளவுக்குத்தான் கொண்டு வந்திருக்கேன்."

மான்சிக் அப்போது பாய்லர் மூலையில் பாக்கெட் காபியைக் கலக்கிக்கொண்டிருந்தான். கரண்டி கிடைக்காததால் காபிப் பொட்டலத்தின் காகிதத்தாலேயே கலக்கினான்.

"கிஹோ அப்பா, சின்ன ரூமுல பீரோன்னு சொன்னீங்களா?"

கிஹோ அவர்கள் மகன். பூசானில் வேலை பார்க்கிறான்.

"வேற எங்க வைக்கிறது? அம்மா பொருள தெருவுலயா போட முடியும்? நாம பெரிய ரூமுக்கு வந்துருவோம். எதிர் ரூமு கிஹோ வந்தா படுக்க. சின்ன ரூமு பீரோவுக்கு. கணக்கு சரியா இருக்குல்ல?"

கணக்கு சரியாகத்தான் இருந்தது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஹெரான் திரும்பவும் பெரிய அறையில்தான் வந்து நின்றாள்.

அவள் வாயைத் திறப்பதற்குள் வாசலில் டாக்ஸி வந்து நின்றது. இறங்கியது மான்சிக்கின் தங்கை ஒக்ஜு. சியோலிலிருந்து வந்திருக்கிறாள். தரையைத் தேர்ந்தெடுக்க உதவி செய்ய வந்தேன் என்றாள். ஆனால் கூட வந்த பெட்டி அவள் இடுப்பு உயரம் இருந்தது. தரை பார்க்க வருகிறவர்கள் அவ்வளவு பெரிய பெட்டியோடு வருவதில்லை. மான்சிக் அதைக் கவனிக்கவில்லை. அவன் எதைத்தான் கவனித்தான்?

மதியச் சாப்பாட்டுக்குக் கறுப்பு நூடுல்ஸ் வரவழைத்தார்கள். மிச்சத் தெர்மோகோல் பலகைமேல் செய்தித்தாளை விரித்து, நாலு பேரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். மஞ்சள் முள்ளங்கி ஊறுகாயைக் கடித்துக்கொண்டே ஒக்ஜு தன் யோசனையை எடுத்து வைத்தாள்.

"அண்ணா, இந்தக் காலத்துல யாரு தண்ணிக் குழாய் போடுறா? கரண்டுல சூடாகுற ஷீட்டு வந்திருக்கு. காகிதம் மாதிரி இருக்கும். அப்படியே விரிச்சு, மேல பலகைய ஒட்டிற வேண்டியதுதான். சிமெண்டு காயுறதுக்கு வாரக்கணக்கா காத்துட்டு இருக்க வேண்டாம். இன்னிக்கு ஒட்டினா இன்னிக்கே படுக்கலாம்."

"கரண்டு பில்லு வந்தா நீயா கட்டுவ?"

"ஆளு இருக்கிற ரூமுக்கு மட்டும் போட்டுக்கிட்டா பில்லு ஏன் ஏறப்போகுது?"

"கரண்டு சூடு தோலோட நின்னுரும் ஒக்ஜு. தண்ணிச் சூடுதான் எலும்பு வரைக்கும் எறங்கும். அம்மா என்ன சொல்லுவாங்க?"

"அம்மா எப்ப கரண்டு ஷீட்டுல படுத்தாங்க, சொல்றதுக்கு?"

பியோ நூடுல்ஸை உறிஞ்சி முடித்து வாயைத் துடைத்துக்கொண்டார். "ஷீட்டும் நல்லதுதான். சீக்கிரம் சூடாகும், அணைச்சா சீக்கிரம் ஆறிரும். தண்ணிக் குழாய் மெதுவாத்தான் சூடாகும், ஆனா அணைச்ச பெறகும் ரொம்ப நேரம் நிக்கும். மூணு மாசம் குளிர்ற ஊருன்னா நானே ஷீட்டு போடச் சொல்லுவேன். நம்ம ஜேச்சொன் பக்கம் இதோ மார்ச் வந்துருச்சு, இன்னும் மூக்கு உறையுது. குழாயே போடுங்க. ஆனா ரூமுக்கு ரூம் ரெகுலேட்டர் வெச்சுக்கங்க. வேண்டாத ரூம அணைச்சுக்கலாம்."

ஹெரானின் கை சாப்ஸ்டிக்கோடு நின்றது. கேட்க நினைத்ததை வேறொருவர் வாய் சொல்லிவிட்டது.

"ஒரு வீட்டுக்கு எதுக்கு மூணு ரெகுலேட்டர்?" என்றான் மான்சிக். "ஆளுக்கு ஒரு பக்கம் திருகிட்டு இருக்கவா? பழையபடி பெரிய ரூமுல ஒண்ணு போதும்."

பிறகு எல்லோரும் கிண்ணங்களைக் கவிழ்த்து அடுக்கி, கடைப் பையன் வந்து எடுத்துப்போக வாசலில் வைக்க எழுந்துவிட்டார்கள். ஹெரான் இந்தத் தடவையும் பேசவில்லை. தன்மேலேயே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

முற்றத்தில் தார்ப்பாய் போர்த்தி நின்றது மாமியாரின் பீரோ. கறுப்பு மரத்தில் சிப்பித் துண்டுகளைப் பதித்துக் கொக்கும் தேவதாருவும் செய்திருந்தார்கள். ஒக்ஜு தார்ப்பாயின் ஒரு மூலையைத் தூக்கிக் கொக்குகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் அந்தப் பெட்டி.

"அண்ணி, ஒண்ணு சொல்லணும்."

"பெட்டியப் பாத்தப்பவே நெனச்சேன்."

"வந்துட்டேன். இனிமே அந்த ஆளோட இல்ல. வீட்டையும் காலி பண்ணியாச்சு." அழவில்லை. நாளெல்லாம் நின்றுகொண்டே வேலை செய்தவள் கால் வலிக்கிறது என்று சொல்வதுபோல் சொன்னாள். "அந்தச் சின்ன ரூம எனக்குக் குடுத்துருங்க. கரண்டு ஷீட்டு அதுக்குத்தான் சொன்னேன், இன்னிக்கே படுக்கலாமேன்னு. அதுதான் ஆகாதுன்னா அந்த ரூமுக்கும் ஒரு பைப்பு போடச் சொல்லுங்க. நீங்க சொன்ன மாதிரி இருக்கட்டும். நான் கேட்டா அண்ணன் ஆயிரம் கேள்வி கேப்பாரு."

"உங்க அண்ணன் நான் சொல்லி எதக் கேட்டிருக்காரு?"

ஒக்ஜு தலையைக் குனிந்துகொண்டாள். "தெரியும். அம்மாவ ஒன்பது வருஷம் நீங்க பாத்தீங்க. நான் பண்டிகைக்குப் பண்டிகை பழக்கூடையோட வந்து, அம்மா கையப் புடிச்சு அழுதுட்டு, சாயங்காலம் பஸ் ஏறிருவேன். எனக்குக் கேக்க வாயே கெடையாது. வேற போக்கிடம் இல்லாமத்தான் கேக்குறேன்."

ஹெரானுக்குப் பாவமாக இருந்தது. அதே மூச்சில் கோபமும் வந்தது. ஒரு வருஷமல்ல, இரண்டு வருஷமல்ல, அவள் மனசுக்குள்ளேயே விளக்கு வைத்து, ஜன்னலுக்குத் திரை போட்டுக் குடியிருந்த அறை அது. வாய்விட்டுக் கேட்கத் துணிந்த முதல் ஆள் கேட்டுவிட்டாள். இப்போது ஹெரான் போய்ச் சின்ன அறைக்குக் குழாய் போடுங்கள் என்று சொன்னால், போடுவார்கள். ஒக்ஜுவுக்காக.

அதைச் சொல்லிவிட்டுப் பெரிய அறைக்குப் போய்ப் படுத்துக்கொள்வது ஒன்றும் அவளுக்குப் புதிதல்ல. அதுவே இன்னும் களைப்பாக இருந்தது.

"ராத்திரி எங்க படுப்ப?" என்று மட்டும் கேட்டாள்.

"தெரியல."

"பொதுக்கட்டடத்துல என் பக்கத்துல படு. தரை கொதிக்கும். உங்க அம்மா இருந்தா சந்தோஷப்பட்டிருப்பாங்க."

ஒக்ஜுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதன் பிறகுதான் அழுதாள்.

உள்ளேயிருந்து பியோவின் குரல் வந்தது. "அண்ணே, அக்கா, யாராவது வாங்க. எதிர் ரூமு முடிஞ்சுது, பெரிய ரூமும் முடிஞ்சுது. இத்தோட பாய்லர்ல மாட்டவா?"

மான்சிக் "மாட்டுங்க" என்றான்.

"மாட்டாதீங்க" என்றாள் ஹெரான்.

குரல் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனாலும் பியோ கையை எடுத்துவிட்டார்.

"சின்ன ரூமுக்கும் பைப்பு போடுங்க, முதலாளி. மூணு ரூமுக்கும் தனித்தனி ரெகுலேட்டர்."

"யாருக்கு அந்த ரூமு?" என்று கேட்டான் மான்சிக்.

வாசற்படியில் ஒக்ஜு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு."

"உனக்கா? உனக்கு எதுக்குத் தனி ரூமு? பெரிய ரூமுதான் நமக்கு இருக்கே."

"அந்த ரூமுல நான் படுத்தது போதும்."

"அப்ப பீரோ?"

"அது உங்க அம்மாவோடது. உங்க அம்மா ரூமுலயே நிக்கட்டும். நீங்களும் அங்கயே படுத்துக்கங்க. எதிர் ரூமுல ஒக்ஜு இருப்பா. எத்தன நாளைக்குன்னு அவளக் கேக்காதீங்க."

மான்சிக் தங்கையைப் பார்த்தான். பிறகுதான் அந்தப் பெட்டியைப் பார்த்தான். பிறகு மறுபடி மனைவியைப் பார்த்தான். ஒரே நேரத்தில் இத்தனை விஷயம் அவன் மண்டைக்குள் போனதில்லை.

"புருஷனும் பொண்டாட்டியும் வேற வேற ரூமா? ஊரு என்ன சொல்லும்?"

"ஒன்பது வருஷமா வேற வேற ரூமுதான். நான் உங்க அம்மாகூட, நீங்க எதிர் ரூமுல. அப்ப ஊரு ஒண்ணும் சொல்லலையே."

பியோ சாக்பீஸைக் காதில் செருகிக்கொண்டார். அடுத்தவர் வீட்டுச் சண்டையில் குழாய்க்காரர்கள் வழக்கமாகச் செய்வதுபோல் கம்பி வலையைக் கூர்ந்து பார்த்தார்.

"அப்படின்னா பெரிய ரூமுல பீரோ நிக்கிற எடத்துல கட்டின பைப்ப அவுக்கணும்," என்றார் மெல்ல. "அவுத்தது சின்ன ரூமுக்குக் காணாது. இன்னொரு சுருள் எடுத்துட்டு வரணும். அண்ணே, என்ன செய்ய?"

மான்சிக் சட்டைப் பையைத் தடவினான். சிகரெட்டை விட்டு நாலு வருஷமாகிறது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்ததுபோல் கையை எடுத்துக்கொண்டான். "அவளையே கேட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான்.

அவனுக்குக் கோபமா வருத்தமா என்று ஹெரானுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்கிற தெம்பும் இல்லை.

மாலைக்குள் சின்ன அறையிலும் வெள்ளைக் குழாய் வளைந்து வளைந்து படுத்துவிட்டது. ஹெரான் வாசலில் நின்று, பியோ ஒவ்வொரு வளைவையும் கம்பியால் முடிச்சுப் போடுவதைக் கடைசி முடிச்சு வரைக்கும் பார்த்தாள். மூன்று அறைக் குழாய்களிலும் தண்ணீரை நிரப்பி, அழுத்தம் ஏற்றி, பாய்லர் மூலையில் ஒரு அழுத்தமானியை மாட்டினார் பியோ.

"இந்த முள்ளு காலையில வரைக்கும் இங்கயே நிக்கணும். எறங்குச்சுன்னா எங்கயோ ஒழுகுதுன்னு அர்த்தம். கலவை ஊத்தக் கூடாது, லாரிய நிறுத்திருங்க. அக்கா, இந்தாங்க, உங்க ரூமு ரெகுலேட்டர். சுவத்து வேலை முடிஞ்சதும் வந்து மாட்டித் தரேன். பத்திரமா வெச்சிருங்க."

உள்ளங்கை அளவு வெள்ளைப் பெட்டி. ஹெரான் அதைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். பொதுக்கட்டடத்தில் ஒக்ஜுவுக்குப் படுக்கை போட்டுக் கொடுத்து, ஊர்ப் பெண்களின் கேள்விகளுக்கு அவளுக்குப் பதிலாகத் தானே பொய் சொல்லி, ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சூப்பைத் தூக்கில் ஊற்றிக்கொண்டு இருவரும் வீட்டுக்குத் திரும்பும் வரைக்கும் அவள் கை அடிக்கடி பைக்குள் போய்வந்தது.

திரும்பும் வழியில் பனி பிடித்துக்கொண்டது. மார்ச் மாதத்து ஈரப் பனி.

முற்றத்தில் பீரோவைக் காணோம். தார்ப்பாய் மட்டும் கிடந்தது. சின்ன அறைக் கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே, இப்போதுதான் முடிச்சுப் போட்ட குழாய்களின்மேல் பலகைகளைப் போட்டு, அவற்றின்மேல் கொக்கும் தேவதாருவுமாகச் சுவர் முழுக்க நின்றது மாமியாரின் பீரோ.

மான்சிக் தோளிலிருந்த பனியைத் தட்டிக்கொண்டிருந்தான். "பனி கொட்டுது. சிப்பி ஊறிப்போயிரும். பக்கத்து வீட்டு ஆளுங்களக் கூப்பிட்டு ஏத்தினேன்."

"பெரிய ரூமுல ஏத்தியிருக்கலாமே."

"வாசலுக்குக் கிட்ட இதுதான் இருக்கு."

அது உண்மைதான். உண்மையாக இருந்ததுதான் கஷ்டம்.

"லாரி வர்றதுக்குள்ள எடுத்துருவீங்களா?"

மான்சிக் பனியைத் தட்டுவதை நிறுத்தவில்லை. "காலையில பாத்துக்கலாம்."

ஹெரான் சூப்புத் தூக்கைக் கீழே வைத்தாள். சண்டை போட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் விடிவதற்கு முன் எழுந்தவளுக்கு முதலில் எங்காவது சாய வேண்டியிருந்தது. சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பீரோவைத் திறந்து மாமியாரின் கனத்த பருத்திப் போர்வையை எடுத்தாள். குழாய்களின்மேல் ஒரு மிச்சப் பலகையைப் போட்டு, பீரோவின் கால்மாட்டில், கோட்டைக்கூடக் கழற்றாமல் படுத்தாள். கொஞ்ச நேரம் சாய்ந்துவிட்டு எழுந்து போய்ப் பேசலாம் என்றுதான் நினைத்தாள்.

கீழே தரை ஜில்லென்று இருந்தது. முதுகு முழுக்க அந்தக் குளிர்ச்சி மெல்ல ஏறியது. வியர்வை இல்லை. யாரும் யார் குறைத்தது என்று கேட்கவில்லை. ஹெரான் பைக்குள்ளிருந்த ரெகுலேட்டரைப் பிடித்தபடியே தூங்கிப்போனாள்.

சூப்பு ஆறிக்கொண்டிருந்தது. கூப்பிட்டுப் பார்த்துப் பதில் வராததால் மான்சிக் கை விளக்கோடு கதவைத் திறந்தான். திறந்தவன் அப்படியே நின்றான். மனைவி வாயை லேசாகத் திறந்து தூங்குவதை அவன் கடைசியாக எப்போது பார்த்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. நெற்றியோரம் எத்தனை நரை.

விளக்கைத் தாழ்த்தியபோதுதான் அது கண்ணில் பட்டது. பீரோவின் முன்கால் ஒன்று பலகையிலிருந்து சறுக்கிக் குழாயின்மேல் ஏறியிருந்தது. அதைச் சுற்றித் தெர்மோகோல்மேல் ஈரம் படர்ந்து, அவள் காலை நோக்கி மெதுவாக வந்துகொண்டிருந்தது.

பாய்லர் மூலையிலிருந்து ஒக்ஜு கூப்பிட்டாள். "அண்ணா, இங்க வாங்க. முள்ளு எறங்குது."

மான்சிக் பீரோவைப் பார்த்தான். தனி ஆளாக அசைக்க முடியாத பீரோ. பிறகு குனிந்து, போர்வையின் நுனியை ஈரத்திலிருந்து தூக்கி அவள் பாதத்துக்கு அடியில் செருகினான்.

"மெதுவாப் பேசு," என்றான். "அவ தூங்கறா."